சிறுகோள் பட்டை உடைந்துபோன கிரகமா? ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

பெங்களூரு ஜீவன் பீமா நகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"சார், என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் சூரியக் குடும்பத்தின் மாடல் செய்கிறாள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருந்த ஒரு கிரகம் உடைந்துதான் சிறுகோள்கள் வந்தன என்று டியூஷன் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் என்ஜினியரோ, அது உடைந்த கிரகம் இல்லை, உருவாகாமலே போன கிரகம் என்கிறார். வால்மீன்களும் அங்கிருந்துதான் வருகின்றனவா, அவற்றுக்குத் தனி இடமா என்று மகள் என்னைக் கேட்கிறாள். நான் படித்தது காமர்ஸ். தெர்மாகோலை வெட்ட ஆரம்பித்துவிட்டாள், தப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள்."

வணக்கம். முதலில் தெர்மாகோல் வேலையை ஒரு நாள் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், ஏனென்று கடைசியில் சொல்கிறேன். உங்கள் பக்கத்து ஃபிளாட்காரர் சொன்னது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதுவும் பாதிக் கதைதான். சிறுகோள் பட்டையில் இன்று சுற்றும் கற்களில் பெரும்பகுதி அங்கேயே பிறந்தவை அல்ல, வேறு வேறு இடங்களில் உருவாகி வியாழனால் அங்கே தள்ளப்பட்டவை என்றுதான் இப்போது எங்கள் துறையில் பலர் நினைக்கிறோம். வால்மீன்களுக்கு வேறு இடங்கள் உண்டு, அவை மிகத் தொலைவில் இருக்கின்றன. ஆனால் அவற்றையும் அங்கே கொண்டுபோய் வைத்தவை பெரிய கிரகங்கள்தான். விண்கற்களை ஆய்வகத்தில் அறுத்துப் பார்ப்பது என் தொழில் என்பதால் கல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

டியூஷன் ஆசிரியர் தானாகக் கற்பனை செய்து சொல்லவில்லை, அதை மகளுக்குச் சொல்லிவிடுங்கள். சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தை 1 என்று வைத்துக்கொண்டால் செவ்வாய் 1.5, வியாழன் 5.2. நடுவில் 2.8 வாக்கில் ஒரு கிரகம் இருக்க வேண்டும் என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு எண்கணக்கு சொன்னது. 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலெர்மோவிலிருந்து பியாட்ஸி என்ற வானியலாளர் செரஸ் என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார், அது ஏறக்குறைய அதே தூரத்தில் இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வருடமே அதே தூரத்தில் ஓல்பர்ஸ் என்ற இன்னொரு வானியலாளர் பல்லாஸைக் கண்டுபிடித்தார், 1804-இல் ஜூனோ, 1807-இல் வெஸ்டா. ஒரு கிரகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு சின்னச் சின்ன உருண்டைகள் இருந்தால் என்ன நினைப்பார்கள், ஏதோ உடைந்திருக்கிறது என்றுதானே? ஓல்பர்ஸ் அப்படித்தான் சொன்னார், அன்றைக்கு அது நியாயமான யோசனை. (அந்த எண்கணக்கே 1846-இல் நெப்டியூன் கிடைத்தபோது பொய்த்துப் போனது, அது வேறு கதை.)

இப்போது நமக்குப் பட்டையின் மொத்த எடை தெரியும். எல்லாச் சிறுகோள்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நிலாவின் எடையில் 3 சதவீதம்தான் வரும், அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செரஸ் ஒன்றிலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் உருட்டி ஒரே பந்தாக்கினாலும் அதன் விட்டம் நிலாவின் விட்டத்தில் பாதிகூட இருக்காது. செவ்வாய் அளவுக்கு ஒரு கிரகம் செய்ய இதைப் போல 250 மடங்குக்கு மேல் பொருள் வேண்டும். உடைந்த கிரகம் என்றால் மீதி எங்கே போனது என்று ஆசிரியரிடம் மகள் மரியாதையாகக் கேட்கலாம்.

என்னைப் பொறுத்தவரை எடையைவிட வலுவான ஆதாரம் கற்களிலேயே இருக்கிறது. பூமியில் விழுந்த விண்கற்களை எடுத்துப் பார்த்தால் அவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் இல்லை என்பது உடனே தெரியும். சிலவற்றில் களிமண் கனிமங்களும் கரியும் இருக்கின்றன, அதாவது ஒரு காலத்தில் அவற்றுக்குள் தண்ணீர் ஊறியிருக்கிறது, அதன்பின் அவை பெரிதாகச் சூடானதே கிடையாது. சில முழுக்க இரும்பு-நிக்கல். அவை எங்கேயோ உருகி, கனமான உலோகம் நடுவுக்கு இறங்கி, மெல்ல ஆறிய ஒரு சிறு உலகத்தின் உள்பகுதியிலிருந்து வந்தவை. இரும்புக் கற்களின் வேதியியலை வரிசைப்படுத்தினால் ஒன்றோ இரண்டோ அல்ல, பல பத்துத் தாய் உடல்கள் தேவைப்படுகின்றன. அப்புறம் வெஸ்டாவின் மேற்பரப்பிலிருந்து வந்த எரிமலைப் பாறைக் கற்கள் ஒரு தனிக் குடும்பம். 2011-இல் டான் விண்கலம் வெஸ்டாவைச் சுற்றத் தொடங்கியபோது அதன் தென்துருவப் பக்கம் 500 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு மோதல் பள்ளத்தைப் படமெடுத்தது. அப்படிப்பட்ட மோதல்களில் சிதறிய துண்டுகளைத்தான் நாம் இங்கே கையில் வைத்திருக்கிறோம். ஒரே கிரகம் உடைந்திருந்தால் உருகியதும் உருகாததும் நனைந்ததும் காய்ந்ததும் இப்படித் தனித்தனி வேதியியலோடு வந்திருக்க வழியே இல்லை.

சரி, உடையவில்லை என்றால் எப்படி வந்தன? 456.7 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் சூரியன் பிறந்த கையோடு அதைச் சுற்றி வாயுவும் தூசியும் கலந்த ஒரு தட்டு சுழன்றுகொண்டிருந்தது. இது வெறும் கணக்கு இல்லை, வேறு நட்சத்திரங்களைச் சுற்றி இன்றும் இப்படித் தட்டுகள் இருக்கின்றன. சிலி நாட்டில் இருக்கும் ஆல்மா தொலைநோக்கி 2014-இல் ஹெச்எல் டௌரி என்ற இளம் நட்சத்திரத்தைச் சுற்றி வளையம் வளையமாகத் தூசியைப் படம்பிடித்தது. இணையத்தில் தேடி மகளுக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கள், கண்காட்சியில் ஒட்டி வைக்கவும் அதைவிட நல்ல படம் கிடையாது.

அந்தத் தட்டில் தூசிகள் ஒன்றோடொன்று ஒட்டி மில்லிமீட்டர், சென்டிமீட்டர் அளவுக்கு வளரும், அதற்குமேல் சிக்கல் வருகிறது. சற்றுப் பெரிய கட்டிகளை வாயுவின் இழுப்பு வேகம் குறைத்து சூரியனை நோக்கி உள்ளே சரியவிடும், ஒரு மீட்டர் கல்லெல்லாம் சில நூறு ஆண்டுகளிலேயே உள்ளே போய்விடும், கிரகம் செய்ய அங்கே எதுவும் மிஞ்சாது. பல வருடங்கள் இது எங்கள் துறைக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. 2005-இல் யூடின், குட்மன் என்ற இருவர் ஒரு வழி காட்டினார்கள். வாயுவோடு இழுபட்டு ஓடும் சிறு கற்கள் தாமாகவே கூட்டம் கூடும், கூட்டம் போதுமான அளவு அடர்த்தியானால் சொந்த ஈர்ப்பில் இடிந்து விழுந்து, இடைப்பட்ட அளவுகளைத் தாண்டி நேராக நூறு கிலோமீட்டர் அளவு உடலாகிவிடும். இதற்கு நல்ல சாட்சி 2019 ஜனவரி 1 அன்று கிடைத்தது. நெப்டியூனுக்கும் அப்பால் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அரோகோத் என்ற ஒரு சிறு உடலைக் கடந்தது. இரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, ஒட்டிய இடத்தில் நொறுங்கல் எதுவும் இல்லை. கிட்டத்தட்ட மனிதன் நடக்கிற வேகத்தில் மெதுவாகத் தொட்டுச் சேர்ந்திருக்கின்றன. வேறு வேறு திசையிலிருந்து வந்து மோதியிருந்தால் இப்படி இருக்காது, ஒரே கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிறந்திருந்தால்தான் இது நடக்கும்.

சீக்கிரம் பிறந்த கட்டிகளுக்குள் அலுமினியம்-26 என்ற கதிரியக்கப் பொருள் நிறைய இருந்தது. அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏழு லட்சம் ஆண்டுகள்தான். முதல் பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் பிறந்தவை அந்தச் சூட்டில் உருகிப்போயின, தாமதமாகப் பிறந்தவை உருகாமல் தப்பின. இரும்புக் கல்லும் கரிக்கல்லும் எப்படி ஒரே வானத்திலிருந்து விழுகின்றன என்று மகள் கேட்டால் பதிலில் பெரும்பங்கு இதுதான்.

அப்புறம்தான் வியாழன். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், கதையின் நடுத்தூண் இதுதான். வியாழன் வளர வளர அதன் ஈர்ப்பு பக்கத்தில் இருந்தவற்றின் பாதைகளைக் கலக்கிவிட்டது. மெதுவாகத் தொட்டு ஒட்டிக்கொண்டிருந்தவை நொடிக்கு ஐந்து கிலோமீட்டர் வாக்கில் மோத ஆரம்பித்தன. அந்த வேகத்தில் ஒட்ட முடியாது, உடையத்தான் முடியும். அதனால்தான் அங்கே கிரகம் வளரவில்லை. சில இடங்கள் முழுசாகவே காலி. சூரியனிலிருந்து 2.5 தூரத்தில் இருக்கும் சிறுகோள் வியாழன் ஒருமுறை சுற்றுவதற்குள் மூன்று முறை சுற்றிவிடும், ஆக ஒவ்வொரு 12 வருடத்துக்கும் ஒரே கணக்கில் வியாழனின் இழுப்பு அதற்குக் கிடைக்கிறது. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் சின்னதாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் அது எவ்வளவு உயரம் போகிறதோ அப்படி அந்தச் சிறுகோளின் பாதை நீண்டு நீண்டு கடைசியில் செவ்வாயின், பூமியின் பாதைகளை வெட்டத் தொடங்கும். இந்தக் காலி இடங்களை 1866-இல் கிர்க்வுட் சுட்டிக்காட்டினார். நம் கைக்கு வரும் விண்கற்களில் பல இந்த வாசல் வழியாக வெளியேறியவைதான்.

உடைதல் நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். கிரகம் உடையவில்லை, ஆனால் சிறுகோள்கள் நிறைய உடைந்திருக்கின்றன. 1918-இல் ஜப்பானின் ஹிரயாமா, ஒரே மாதிரி பாதையில் போகும் சிறுகோள் கூட்டங்களைப் பார்த்து, இவை ஒவ்வொன்றும் ஒரு பழைய உடலின் துண்டுகள் என்று சொன்னார். சில்வியா என்ற சிறுகோளைச் சுற்றி இரண்டு குட்டி நிலாக்கள் இருக்கின்றன, அவையும் ஒரு பெரிய மோதலின் மிச்சம்தான். அந்தச் சில்வியாவை 1866-இல் சென்னையிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள். நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் போக்சன் என்பவர் 1861-இல் ஏசியா என்ற சிறுகோளையும் அங்கிருந்தே கண்டார், ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் அது. அந்த வானாய்வகத்தின் வாரிசுதான் உங்கள் ஊரில் கோரமங்களாவில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அவர்களுடைய காவலூர் ஆய்வகத்தில், நம் ஜவ்வாது மலையில், 1988-இல் ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள். மாடலில் இதையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள், கண்காட்சிக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் நின்று படிப்பார்கள்.

இனி, அங்கே பிறந்தவை அல்ல என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். பட்டையின் உள்பக்கம் பெரும்பாலும் காய்ந்த பாறைச் சிறுகோள்கள், வெளிப்பக்கம் போகப் போகக் கருத்த, கரியும் நீர்க் கனிமமும் கொண்டவை. தட்டில் ஒரு எல்லைக்கு அப்பால் தண்ணீர் உறைந்து பனியாக இருந்திருக்கும், இப்பால் ஆவியாக இருந்திருக்கும், அதனால் ஓரளவு இது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் 2011-க்குப் பிறகு குரோமியம், டைட்டானியம், மாலிப்டினம் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களை) நுணுக்கமாக அளந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. விண்கற்கள் எல்லாம் இரண்டே குலமாகப் பிரிகின்றன, நடுவில் கலப்பு கிட்டத்தட்ட இல்லை. ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் பிறந்திருந்தால் இவ்வளவு சுத்தமாகப் பிரிந்திருக்காது. பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே நடுவில் ஏதோ ஒன்று சுவராக நின்று இரண்டு பக்கத்துத் தூசியையும் கலக்க விடாமல் தடுத்திருக்கிறது. அந்தச் சுவர் வளர்ந்துகொண்டிருந்த வியாழன் என்பது பலரின் கருத்து, எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. அப்படியென்றால் கரிக்கற்கள் வியாழனுக்கு அப்பால் பிறந்து பிற்பாடு உள்ளே வந்தவை. செரஸின் மேற்பரப்பில் அம்மோனியா கலந்த களிமண்ணை டான் கண்டது, அம்மோனியாவும் குளிர்ந்த வெளிப்பகுதியின் சரக்கு.

எப்படி உள்ளே வந்தன என்பதில்தான் சண்டை. வியாழன் ஒரு காலத்தில் 1.5 தூரம் வரை உள்ளே வந்து, சனி பின்தொடர்ந்ததால் திரும்பி வெளியே போனது, போகிற வழியில் இரண்டு பக்கச் சரக்கையும் பட்டையில் போட்டது என்று 2011-இல் ஒரு விளக்கம் வந்தது. இன்னொரு கூட்டம், வியாழன் அவ்வளவு தூரம் நடக்கத் தேவையே இல்லை, அது வேகமாக வாயுவைச் சேர்த்துக் கனத்தபோது சுற்றி இருந்த கட்டிகள் தானாகவே உள்ளே சிதறும் என்கிறது. அவர்களில் சிலர், பட்டை ஆரம்பத்திலேயே காலியாக இருந்திருக்கலாம், இருப்பதெல்லாம் வந்து சேர்ந்ததுதான் என்று 2017-இல் எழுதினார்கள். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது, குறைவான அனுமானத்தில் வேலை முடிகிறது. மகளிடம் இரண்டையும் சொல்லுங்கள். முடிவாகாத கேள்வி ஒன்று அறிவியலில் இப்போதும் உயிரோடு இருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பில் தெரிந்துகொள்வது அவளுக்கு நல்லது.

வால்மீன்களுக்கு வருவோம். அவை பனி உடல்கள், இரண்டு பெரிய கிடங்குகளிலிருந்து வருகின்றன. நெப்டியூனுக்கு அப்பால், பூமியின் தூரத்தை 1 என்று வைத்த அதே கணக்கில், 30-லிருந்து 50 தூரம் வரை பரந்து கிடக்கும் கைப்பர் பட்டை ஒன்று. புளூட்டோவைத் தவிர அங்கே முதல் உடலை டேவிட் ஜூயிட்டும் ஜேன் லூவும் 1992-இல்தான் கண்டுபிடித்தார்கள், ஆக உங்கள் வயதுக்காரர்கள் பள்ளியில் இதைப் படித்திருக்கவே வாய்ப்பு குறைவு. அடுத்த ஆண்டே, 1993-இல், டெல்லி ஐஐடியில் படித்த ரேணு மல்ஹோத்ரா ஒரு அழகான கட்டுரை எழுதினார். நெப்டியூன் மூன்று முறை சுற்றும் நேரத்தில் புளூட்டோ இரண்டு முறை சுற்றுகிறது, பாதைகள் குறுக்கே போனாலும் இரண்டும் நெருங்குவதே இல்லை. இந்தப் பூட்டு எப்படி விழுந்தது? நெப்டியூன் இப்போதைவிட உள்ளே பிறந்து மெல்ல வெளியே நகர்ந்தது, நகரும்போது புளூட்டோவையும் அதைப் போன்றவற்றையும் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனது என்றார். நகர்வதற்குக் காரணம் எளிது, நெப்டியூன் சிறு உடல்களை உள்ளே வீசுகிறது, வீசும்போது தான் கொஞ்சம் வெளியே போகிறது. உள்ளே வந்தவற்றை வியாழன் ஒரே வீச்சில் வெளியே எறிகிறது, தான் கொஞ்சம் உள்ளே வருகிறது.

வியாழன் எறிந்தவற்றில் மிகப் பல சூரியக் குடும்பத்தை விட்டே போய்விட்டன. போகாமல் விளிம்பில் தொங்கியவற்றை, கடந்துபோகும் நட்சத்திரங்களும் நம் பால்வழியின் ஈர்ப்பும் சேர்ந்து பாதை மாற்றி அங்கேயே நிறுத்திவிட்டன. அதைத்தான் ஊர்ட் மேகம் என்கிறோம், 1950-இல் யான் ஊர்ட் சொன்னது. அது பட்டையே இல்லை, சூரியனைச் சுற்றி எல்லாத் திசையிலும் இருக்கும் ஒரு கோளம், ஏறக்குறைய ஒரு லட்சம் தூரம் வரை போகும் என்று கணக்கு. 2024 செப்டம்பர் கடைசியில் விடிகாலையில் பெங்களூரு வானத்தில் பலர் படமெடுத்தார்களே, சுச்சின்ஷான்-அட்லஸ் வால்மீன், அது அங்கிருந்து வந்தது. சில வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிற குறுகிய பாதை வால்மீன்கள் பெரும்பாலும் நெப்டியூனால் சிதறடிக்கப்பட்ட கைப்பர் பகுதி ஆட்கள்.

எல்லாமே இடம் மாறியவை என்றும் சொல்லிவிட முடியாது. நான் மேலே சொன்ன அரோகோத் கிட்டத்தட்டப் பிறந்த இடத்திலேயே யாரும் தொடாமல் இருந்திருக்கிறது, அதனால்தான் அது எங்களுக்கு அவ்வளவு அருமை. நேர்மாறாக, வைல்டு 2 என்ற வால்மீனிலிருந்து ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2006-இல் கொண்டுவந்த தூசியில், ஆயிரம் டிகிரிக்கு மேல் சூட்டில், சூரியனுக்குப் பக்கத்தில் மட்டுமே உருவாகக்கூடிய கனிமங்கள் இருந்தன. பனிக்கட்டி வால்மீனுக்குள் நெருப்பில் பிறந்த துகள்! கிரகங்கள் தள்ளுவதற்கு முன்பே தட்டுக்குள் பொருள் வெகுதூரம் பயணம் செய்திருக்கிறது.

இப்போது தெர்மாகோல். பெரும்பாலான மாடல்களில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே கற்களை நெருக்கமாக ஒட்டி வைப்பார்கள், அது தப்பு. நிஜத்தில் ஒரு பெரிய சிறுகோளுக்கும் அடுத்ததற்கும் சராசரியாகப் பத்து லட்சம் கிலோமீட்டர் வாக்கில் இடைவெளி, பயோனியர் 10 முதலாவதாக 1972-73-இல் பட்டையைக் கடந்தபோது எதிலும் இடிக்கவில்லை, அதற்குப் பின் போனவையும் இடிக்கவில்லை. ஆகவே அளவு மாடலாகச் செய்யச் சொல்லுங்கள், பூமியின் தூரம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு. அப்போது பட்டை 21-லிருந்து 33 சென்டிமீட்டர், வியாழன் 52 சென்டிமீட்டர், நெப்டியூன் 3 மீட்டர், கைப்பர் பட்டை 5 மீட்டர் வரை, அதற்கு ஒரு வகுப்பறையின் நீளம் போதும். ஊர்ட் மேகத்தின் வெளி விளிம்பு 10 கிலோமீட்டர், ஜீவன் பீமா நகரிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் மெஜஸ்டிக்கைத் தாண்டிவிடும். அதற்குப் பெங்களூரு வரைபடம் ஒன்றை ஒட்டி வட்டம் போட்டுக்கொள்ளட்டும்.

இந்த அளவில் சூரியனே ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, செரஸ் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. எனவே பட்டையில் கல் எதையும் ஒட்ட வேண்டாம், 21-லிருந்து 33 வரை ஒரு மெல்லிய சாயம் பூசி, 25-இல் மட்டும் சாயம் இல்லாத ஒரு கோடு விட்டுவிட்டால் கிர்க்வுட்டின் இடைவெளி வந்துவிடும். உள்பாதிக்கு ஒரு நிறம், வெளிப்பாதிக்கு வேறு நிறம், நடுவில் இரண்டும் கொஞ்சம் கலக்கட்டும். நடுவர் வந்து சிறுகோள்களே இல்லையே என்று கேட்டால், எல்லாம் சேர்ந்து நிலாவின் எடையில் 3 சதவீதம்தான் சார் என்று தொடங்கி, இரண்டு குலக் கற்களின் கதையை அவளே சொல்லட்டும். பேசுவதற்கு முன்னால் டியூஷன் ஆசிரியரிடமும் இதை ஒருமுறை காட்டிவிடச் சொல்லுங்கள், ஓல்பர்ஸின் பெயரோடு தொடங்கினால் அவர் மனம் கோணாது.